9.9 மோட்டாரில் 15-இன் கார்புரேட்டரை மாட்டலாமா?

தருவைக்குளம் வள்ளம்

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் 9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு இருக்கிறது. டூ ஸ்ட்ரோக், இரண்டு சிலிண்டர், ஒரே கார்புரேட்டர், வாங்கி ஆறு வருடம் ஆகிறது. 26 அடி ஃபைபர் வள்ளம், நண்டு வலைத் தொழில், மூன்று பேர் போவோம். போன கச்சான் காற்று சீசன் முடிந்ததிலிருந்து மோட்டாரில் இழுவை இல்லை. கரையிலிருந்து கிளம்பும்போது நன்றாகத்தான் போகிறது, காசுவார் தீவைத் தாண்டி வெளிக்கடலுக்கு முழு த்ராட்டில் கொடுத்துப் போனால் பத்துப் பதினைந்து நிமிடத்தில் மூச்சு வாங்குகிற மாதிரி இறங்கிவிடுகிறது. த்ராட்டிலைக் குறைத்து இரண்டு நிமிடம் விட்டுத் திரும்பக் கொடுத்தால் மறுபடி சரியாகப் போகும். பிறகு அதே கதை.

ஊரில் ஒருவர் சொல்கிறார், 9.9-உம் 15-உம் உள்ளே ஒரே பிளாக்தான், கார்புரேட்டர் மட்டும்தான் சிறிது, 15-இன் கார்புரேட்டரை மாட்டினால் 15 ஆகிவிடும், இந்தத் தொல்லையும் போய்விடும் என்று. பழையது ஒன்று 7,000 ரூபாய்க்கு வருகிறது. வாங்கலாமா? யாராவது மாட்டிப் பார்த்திருக்கிறீர்களா?

ஒன்ராறியோ ஏரி

ஊரில் அவர் சொன்னதில் பாதி உண்மை. நான் யாழ்ப்பாணத்தில் பிறந்து இப்போது டொரண்டோ பக்கம் இருக்கிறேன், பழைய அவுட்போர்டுகளைத் திருத்துவது சனி ஞாயிறு வேலை. வட அமெரிக்காவில் பல ஏரிகளில் 10 குதிரைத்திறனுக்கு மேல் அனுமதி இல்லை, அதனால்தான் 9.9 என்ற எண்ணே பிறந்தது. 1974-இல் வந்த ஜான்சன், எவின்ரூட் 9.9-உம் 15-உம் ஒரே பிளாக், பெரிய வித்தியாசம் கார்புரேட்டரில்தான். அதை மாற்றி ஓட்டுவது இங்கே ஐம்பது வருடப் பழக்கம். யமஹாவில் 9.9, 15 இரண்டுக்கும் 246 சிசி வரும் மாடல்கள் உண்டு. சுசுகி டிடி9.9ஏ, டிடி15ஏ இரண்டும் 284 சிசி.

ஆனால் எல்லா மாடலிலும் கார்புரேட்டர் மட்டும்தான் வித்தியாசம் என்று நினைக்க வேண்டாம். சிலவற்றில் ரீட் வால்வு திறக்கும் அளவை ஒரு தகடு தடுக்கும், சிலவற்றில் புகைக் குழாய் வேறு, சிலவற்றில் த்ராட்டில் கம்பியே முழுதாகத் திறக்காதபடி ஒரு தடுப்பு இருக்கும். இரண்டு மாடலின் உதிரிபாகப் பட்டியலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்தெந்தப் பாகத்துக்கு எண் மாறுகிறது என்று பார்த்த பிறகுதான் காசு கொடுக்க வேண்டும்.

குளச்சல் மெக்கானிக்

தம்பி, கார்புரேட்டர் வாங்காதே. இப்போதைக்கு வாங்காதே.

நீ சொன்ன அறிகுறியைத் திரும்ப வாசி. முதல் பத்து நிமிடம் நன்றாக ஓடுகிறது என்றால் அந்தக் கார்புரேட்டர் அளவு போதும் என்று அர்த்தம். அளவு போதாத கார்புரேட்டர் முதல் நிமிடமே போதாமல்தான் இருக்கும். ஓடி ஓடி இறங்குவதும், விட்டுக் கொடுத்தால் திரும்ப வருவதும் பெட்ரோல் வந்து சேராத குறை. கார்புரேட்டரின் மிதவை அறையில் இருக்கும் பெட்ரோல் தீரும் வேகத்துக்கு டேங்கிலிருந்து வந்து நிறையவில்லை. பெரிய கார்புரேட்டரை மாட்டினால் அது இன்னும் அதிகமாகக் கேட்கும், இன்னும் சீக்கிரம் இறங்கும்.

நாளை கடலில் இதைச் செய். மோட்டார் இறங்கத் தொடங்கும்போது த்ராட்டிலைக் குறைக்காதே, கூட வருகிறவர் ஒருவரை பெட்ரோல் குழாயில் இருக்கும் கைப்பம்பைப் பிடித்து அழுத்தச் சொல். அழுத்த அழுத்த மோட்டார் எழுந்தால் கோளாறு டேங்குக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில்தான். அழுத்தியும் எழவில்லை என்றால் சோக்கைக் கால்வாசி இழு. அதில் எழுந்தால் கார்புரேட்டருக்குள் ஜெட் அடைப்பு, ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளை உள்ள சின்னப் பித்தளைத் துண்டு. இரண்டிலும் எழவில்லை என்றால் பிளக், காயில், கம்ப்ரஷன் பக்கம் போகலாம். அதற்கு முன்னால் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகு திறந்திருக்கிறதா என்று பார்த்துக்கொள், அது மூடியிருந்தாலும் இதே அறிகுறிதான் வரும்.

இந்த மூன்றையும் பார்க்காமல் முழு த்ராட்டிலில் ஓட்டிக்கொண்டே இருக்காதே. டூ ஸ்ட்ரோக்கில் ஆயிலும் பெட்ரோலோடுதான் வருகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும், சூடும் ஏறும், இரண்டும் ஒன்றாக நடக்கும்.

முனைக் கடல்

மேலே உள்ளவர் சொன்னதைத் தயவுசெய்து கேளுங்கள் தம்பி. நான் பருத்தித்துறை. 2022-இல் இங்கே எரிபொருள் கிடைக்காமல் நாங்கள் பட்ட பாடு உங்களுக்குத் தெரிந்திருக்கும். மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாயில் இருந்து ஒரே நாளில் 340 ஆனது, அதுகூடக் கிடைத்தால்தான். பெற்றோலுக்கு இரவிரவாக வரிசையில் நின்றோம். கிடைக்கிற கொஞ்சப் பெற்றோலைக் கூடத் தூரம் ஓட வைக்கலாம் என்று நானே காபரேற்றரைக் கழற்றி மெயின் ஜெட்டை இரண்டு அளவு சின்னதாகப் போட்டேன். மூன்று நாள் அருமையாக ஓடியது. சத்தம் கூர்மையாக, புகை இல்லாமல், முன்பைவிட வேகம் கூட வந்தது போல இருந்தது. நாலாம் நாள் கரையிலிருந்து ஆறு மைல் வெளியே, வாடைக் காற்று எழும்பிக்கொண்டிருக்கும்போது, ஒரு கீச்சுச் சத்தத்தோடு நின்றது. இழுத்தால் கயிறு வரவில்லை. பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துவிட்டது.

என்னோடு என் தங்கையின் மகன் இருந்தான், அப்போது 17 வயது. இன்னொரு படகு கண்டு வந்து இழுத்துப்போகும்வரை ஐந்து மணித்தியாலம் அலையில் கிடந்தோம். மெலிந்த கலவை, அதாவது காற்றுக்குப் பெற்றோல் போதாத கலவை, நல்லாய் ஓடுவது போலத்தான் காட்டும், அதுதான் அதில் உள்ள ஆபத்து. புகை கூடினால் கண்ணுக்குத் தெரியும், மெலிந்தால் ஒன்றும் தெரியாது. இதை எழுதுவதற்காகத்தான் இங்கே கணக்கே திறந்தேன்.

தருவைக்குளம் வள்ளம்

அண்ணே, வாசித்ததும் இரவு தூக்கம் வரவில்லை. நன்றி.

இன்று காலை பார்த்துவிட்டேன். காற்றுத் திருகு திறந்துதான் இருந்தது. 12-ஆவது நிமிடம் இறங்கத் தொடங்கியது, தம்பியைக் கைப்பம்பை அழுத்தச் சொன்னேன், அழுத்த அழுத்த அப்படியே எழுந்துவிட்டது. விட்டால் மறுபடி இறங்கியது. கரைக்கு வந்து பிளக் இரண்டையும் கழற்றினேன், இரண்டுமே வெளுத்துப்போய் இருந்தன, நுனியில் சுண்ணாம்பு நிறம். ஆயில் லிட்டருக்கு 20 மில்லிதான் போடுகிறேன். பாதுகாப்புக்கு 30 ஆக்கிவிடலாமா?

குளச்சல் மெக்கானிக்

ஆயிலைக் கூட்டாதே. 50-க்கு 1 என்று கையேட்டில் இருந்தால் 50-க்கு 1 தான், 25 லிட்டர் டேங்குக்கு அரை லிட்டர். ஜெட் வழியாக ஒரு நேரத்தில் போகும் திரவத்துக்கு ஓர் அளவு உண்டு, அதில் ஆயில் பங்கு கூடினால் பெட்ரோல் பங்கு குறையும், திரவமும் தடித்துவிடும், கலவை இன்னும் மெலியும். நிறைய பேர் இந்தத் தப்பைப் பாதுகாப்பு என்று நினைத்துச் செய்கிறார்கள். அதோடு, டிசி-டபிள்யூ3 என்று டப்பாவில் எழுதியிருக்கும் அவுட்போர்டு ஆயில்தான் வேண்டும். பைக் டூ ஸ்ட்ரோக் ஆயில் தண்ணீரால் குளிரும் இந்த மோட்டாருக்கு ஆகாது.

கோளாறு இடம் தெரிந்துவிட்டது. டேங்கில் தொடங்கி வரிசையாக வா: டேங்குக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயின் வலை, குழாய், கைப்பம்பு, இரு முனை இணைப்புகளின் ஓ ரிங், மோட்டாரில் இருக்கும் வடிகட்டிக் கிண்ணம், அப்புறம் மோட்டாரின் பெட்ரோல் பம்பில் இருக்கும் டயாஃப்ரம் என்கிற சவ்வு. குழாயை வெளியில் பார்த்து நல்லது என்று விடாதே, ஒரு துண்டு நறுக்கி உள்ளே பார். எங்கள் பக்கம் இப்போது வருகிற பத்து மோட்டாரில் ஐந்தாறுக்கு இதே குழாய்ப் பிரச்சினைதான். பழைய குழாயின் உள்தோல் ஊறி உரிந்து செதில் செதிலாக வருகிறது. முழு த்ராட்டிலில் அந்தச் செதில் எல்லாம் வலையில் போய் ஒட்டிக்கொள்ளும், த்ராட்டிலைக் குறைத்தால் விழுந்துவிடும். உன் பத்து நிமிடக் கணக்கு அப்படித்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

கார்புரேட்டரையும் ஒருமுறை திற, எப்படியும் உள்ளே குப்பை போயிருக்கும். ஜெட் துளையில் கம்பி, குண்டூசி, பிளக் பிரஷ் எதுவும் விடாதே. பித்தளை மெதுவானது, ஒரு கீறல் விழுந்தாலும் அளவு போய்விடும். ஸ்ப்ரே அடித்துக் காற்று ஊது, அதற்கும் போகவில்லை என்றால் நம் தங்கூசி நரம்பில் (நைலான் இழை) மெல்லியது ஒரு முழம் எடுத்து நுழைத்துப் பார். பித்தளையைவிட அது மெதுவு.

ஒன்ராறியோ ஏரி

குழாய் ஊறுவதற்கு எத்தனால் ஒரு காரணமாக இருக்கலாம். இந்தியாவில் 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் விற்பனைக்கு வந்தது, இப்போது பெரும்பாலும் அதுதான் கிடைக்கிறது. ஆறு வருடம் முன்பு செய்த மோட்டார் அதை நினைத்து ஜெட் போடப்பட்டது அல்ல.

கணக்கைச் சொல்கிறேன், பயன்படும். சுத்தப் பெட்ரோல் 1 கிலோ முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 கிலோ போதும், ஏனென்றால் அதற்குள்ளேயே ஆக்சிஜன் இருக்கிறது. 20 சதவீதம் கலந்தால் 13.5 பக்கம் வரும். கார்புரேட்டருக்கு மூளை கிடையாது, உள்ளே போகும் காற்றுக்கு ஏற்ப அதே அளவு திரவத்தைத்தான் விடும். அதனால் எத்தனால் இல்லாத பெட்ரோலுக்குச் சரியாக இருந்த ஜெட், இ20-இல் 8 சதவீதம் போல மெலிந்த கலவையைத் தரும். முன்பே இ10 ஓட்டியிருந்தால் வித்தியாசம் அதில் பாதி. ஜெட் வழியே ஓடும் அளவு துளையின் பரப்பைப் பொறுத்தது, எனவே 8 சதவீதம் ஈடுகட்ட விட்டத்தில் 4 சதவீதம் கூட்டினால் போதும், 1 மில்லிமீட்டர் துளை 1.04 ஆக வேண்டும். ஒரு அளவு, மிஞ்சினால் இரண்டு அளவு. ஜெட் எண்களை ஒரு கம்பெனியிலிருந்து இன்னொன்றுக்கு ஒப்பிடக் கூடாது. ஒருவர் விட்டத்தை எண்ணாகப் போடுவார், இன்னொருவர் நிமிடத்துக்கு ஓடும் அளவைப் போடுவார்.

கடலில் இன்னொரு பிரச்சினை. எத்தனால் ஈரத்தை இழுக்கும். பாதி டேங்க் பல நாள் கிடந்தால் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கும். அந்த அடுக்கில் டூ ஸ்ட்ரோக் ஆயில் கரையாது. உறிஞ்சு குழாயோ அடியில்தான் இருக்கிறது. அதை இழுத்தால் மோட்டாருக்குள் போவது ஆயிலே இல்லாத திரவம்.

தருவைக்குளம் வள்ளம்

நான்கு நாள் கழித்து வருகிறேன், உதிரி வர நேரமாகிவிட்டது.

குளச்சல் அண்ணே, சொன்னபடியே. குழாயை நறுக்கிப் பார்த்தால் உள்தோல் பிய்ந்து கருப்புக் களிம்பு மாதிரி இருந்தது. வடிகட்டிக் கிண்ணத்தில் கருப்புத் துகள், அடியில் ஒரு டீஸ்பூன் தண்ணீர். டயாஃப்ரம் விறைத்துப்போய் இருந்தது. குழாய், கைப்பம்பு, வடிகட்டி, டயாஃப்ரம், கார்புரேட்டர் கேஸ்கட் செட் எல்லாம் புதிது போட்டாயிற்று. இரண்டு சிலிண்டர் கம்ப்ரஷனும் பார்த்தேன், வித்தியாசம் 5 சதவீதத்துக்குள்தான்.

இப்போது முழு த்ராட்டிலில் இறங்கவில்லை. ஆனால் புதிதாக ஒன்று. நீலப் புகை அதிகம், முழு வேகத்தில் சத்தம் தெளிவாக இல்லாமல் ஒன்று விட்டு ஒன்று அடிக்கிற மாதிரி இருக்கிறது, பிளக் கருப்பாக ஈரமாக வருகிறது. முன்பு வெளுத்தது, இப்போது கருக்கிறது, எனக்குப் புரியவில்லை.

குளச்சல் மெக்கானிக்

மெயின் ஜெட்டை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார். துளை வட்டமாக இருக்கிறதா, ஓரம் பளபளவென்று கீறியிருக்கிறதா?

தருவைக்குளம் வள்ளம்

வட்டமாக இல்லை அண்ணே. ஒரு பக்கம் நீண்டிருக்கிறது. போன வருடம் இழுவை இல்லை என்று ஒருவரிடம் காட்டினோம், அவர் ஏதோ உள்ளே விட்டுத் திருகினார். இப்போதுதான் ஞாபகம் வருகிறது.

குளச்சல் மெக்கானிக்

சரி, முழுக்கதையும் இதுதான். குழாய் ஒரு வருடத்துக்கு முன்னாலேயே அடைக்கத் தொடங்கியிருக்கிறது. அவர் காரணம் தேடாமல் ஜெட்டைப் பெரிதாக்கிவிட்டார். வரத்துக் குறைவும் பெரிய துளையும் ஒன்றை ஒன்று கொஞ்ச நாள் ஈடுகட்டியிருக்கும், அப்புறம் குழாய் மோசமாகி எதுவும் போதவில்லை. இப்போது வரத்து சரியானதும் பெரிய துளை தன் வேலையைக் காட்டுகிறது. நீ இதன்மேல் 15-இன் கார்புரேட்டரையும் மாட்டியிருந்தால் எது எதனால் என்று யாராலும் சொல்லியிருக்க முடியாது.

கம்பெனி எண் ஜெட் ஒன்று, அதற்கு அடுத்த பெரிய அளவு ஒன்று, இரண்டும் வாங்கு. முதலில் கம்பெனி எண்ணைப் போடு. வழக்கமான சுமையோடு, வலை, ஐஸ், ஆள் எல்லாம் ஏற்றிக் கடலில் முழு த்ராட்டிலில் ஐந்து நிமிடம் ஓட்டி, வேகத்தைக் குறைக்காமல் அப்படியே ஸ்டாப் பட்டனை அழுத்து. மெதுவாகக் குறைத்து நிறுத்தினால் பிளக் காட்டுவது ஐடிலின் (த்ராட்டில் கொடுக்காமல் மெதுவாக ஓடும் நிலை) நிறம், முழு வேகத்தின் நிறம் அல்ல. பிளக் காப்பிக் கொட்டை நிறத்தில் இருந்தால் சரி. வெளுப்பாக இருந்தால் அடுத்த அளவுக்குப் போ. இரண்டுக்கும் நடுவில் சந்தேகம் என்றால் பெரிய பக்கம் நில். புகை கொஞ்சம் வந்தால் பரவாயில்லை, கரைக்கு வந்து சேர்வாய்.

அதன் பிறகுதான் ஐடில் திருகு. கரையில் டிரம்மில் தண்ணீர் வைத்துச் சரிசெய்வது வேண்டாம், அங்கே சரியாக இருப்பது கடலில் கியர் போட்டதும் நின்றுவிடும். மோட்டார் நன்றாகச் சூடாகட்டும், கடலில் முன் கியரில் போட்டு மெதுவாக ஓடவிடு. முதலில் இப்போது திருகு எத்தனை சுற்று வெளியே இருக்கிறது என்று எழுதிவைத்துக்கொள். உன் மாடலில் அந்தத் திருகு பெட்ரோலைக் கட்டுப்படுத்துகிறதா காற்றைக் கட்டுப்படுத்துகிறதா என்று கையேட்டில் பார், பெட்ரோல் திருகை உள்ளே இறுக்கினால் கலவை மெலியும், காற்றுத் திருகை இறுக்கினால் தடிக்கும், அதாவது பெட்ரோல் பங்கு கூடும், நேர் எதிர். எட்டில் ஒரு சுற்று மட்டும் திருப்பு, பத்து விநாடி பொறு, மோட்டார் புரிந்துகொள்ள நேரம் வேண்டும். மெலியும் பக்கம் தடுமாறும் இடம் ஒன்று, தடிக்கும் பக்கம் உருளும் இடம் ஒன்று, இரண்டையும் கண்டுபிடித்து நடுவில் வைத்து, அதிலிருந்து எட்டில் ஒரு சுற்று தடிக்கும் பக்கம் தள்ளிவிடு. பிறகு சடாரென்று த்ராட்டில் கொடு. தயங்காமல் எழுந்தால் முடிந்தது, இருமினால் இன்னும் எட்டில் ஒன்று.

முனைக் கடல்

ஐயா சொன்னதில் ஒரு விடயம் சேர்க்கிறேன். திருகை அடிவரை இறுக்கி எண்ணும்போது விரலால் மெதுவாக. ஸ்குறூ ட்றைவரில் பலம் கொடுத்தால் ஊசி முனையில் பள்ளம் விழும், பிறகு எவ்வளவு திருகினாலும் ஐடில் பிடிக்காது.

நாள் முடிய நன்னீர் ஓடவிட்டுக் கழுவிய பிறகு மிதவை அறையின் கீழ் இருக்கும் சின்னத் திருகைத் திறந்து பெற்றோலை வடித்துவிடுங்கள். இரண்டு மூன்று நாள் கடலுக்குப் போகாவிட்டால் கட்டாயம். குழாயைக் கழற்றிவிட்டு மோட்டார் தானாக நிற்கும்வரை ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், கடைசி அரை நிமிடம் அது ஒயில் குறைந்த மெலிந்த கலவையில்தான் ஓடுகிறது. வடிப்பதே நல்லது.

தருவைக்குளம் வள்ளம்

கம்பெனி எண் ஜெட்டில் பிளக் லேசாக வெளுப்பு. அடுத்த அளவு போட்டதும் இரண்டு பிளக்கும் ஒரே மாதிரி பழுப்பு நிறம். ஒரு நண்பரிடம் பிளக் வயரில் சுற்றும் ஆர்பிஎம் மீட்டர் வாங்கிப் பார்த்தேன். மூன்று பேர், வலை எல்லாம் ஏற்றி முழு த்ராட்டிலில் 4900, ஆள் மட்டும் என்றால் 5300. கையேட்டில் 4500 முதல் 5500 என்று இருக்கிறது. நாற்பது நிமிடம் தொடர்ந்து ஓட்டினேன், ஒரு முறைகூட இறங்கவில்லை. இந்தச் சத்தத்தைக் கேட்டு ஒரு வருடம் ஆகிறது.

மொத்தச் செலவு அந்தப் பழைய கார்புரேட்டர் விலையில் பாதிகூட ஆகவில்லை. இருந்தாலும் ஒரு கேள்வி, எல்லாம் சரியான பிறகு 15-இன் கார்புரேட்டர் மாட்டினால் உண்மையிலேயே பலன் இருக்குமா?

ஒன்ராறியோ ஏரி

பலன் இருக்கும், உங்கள் வள்ளத்துக்கு எவ்வளவு என்பதுதான் கேள்வி. கார்புரேட்டர் டூ ஸ்ட்ரோக் முழு வேகத்தில் ஒரு குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.4 லிட்டர் போலக் குடிக்கும். 9.9-க்கு 4 லிட்டர், 15-க்கு 6 லிட்டர். ஒரு நாளைக்குப் போக வர மூன்று மணி நேரம் முழு வேகம் என்றால் 6 லிட்டர் கூடுதல், லிட்டர் 100 ரூபாய் என்று வைத்தாலே நாளைக்கு 600 ரூபாய். நீர்க்கோட்டில் 24 அடி நீளம் உள்ள வள்ளம் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகும் நிலையில் 6.5 நாட் (ஒரு நாட் என்பது மணிக்கு ஒரு கடல் மைல்) வரை லேசாகப் போகும், ஒடுங்கிய வள்ளம் அதைத் தாண்டும், ஆனால் அதற்குமேல் ஒவ்வொரு நாட் வேகம் கூட்டுவதற்கும் சக்தி மிக அதிகமாகச் செலவாகும். வலையும் நண்டும் ஏற்றிய வள்ளத்துக்கு ஒன்றரை மடங்கு சக்தி ஒன்றரை மடங்கு வேகம் தராது. பதிவுப் புத்தகத்தில் 9.9 என்று இருப்பதையும் மறக்க வேண்டாம், விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் மோட்டாரைத் திறந்து பார்ப்பார்.

என்னைக் கேட்டால் அந்தக் காசில் சுமைக்கு ஏற்ற, ஒரு அங்குலம் பிட்ச் (ஒரு சுற்றில் முன்னே தள்ளும் தூரம்) குறைந்த புரொப்பல்லர் ஒன்று வாங்குவேன். முழுச் சுமையில் 4900 என்பது 5100 பக்கம் வரும், மோட்டார் இன்னும் லேசாக இழுக்கும். ஆள் மட்டும் போகும்போது 5500-ஐத் தாண்டாமல் த்ராட்டிலைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

தருவைக்குளம் வள்ளம்

சரி அண்ணா, கார்புரேட்டர் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். புரொப்பல்லர் விசாரிக்கிறேன். கம்பெனி எண் ஜெட், பழைய ஜெட், ஒரு செட் பிளக், டயாஃப்ரம் எல்லாம் டப்பாவில் போட்டு வள்ளத்திலேயே வைத்துக்கொள்ளப் போகிறேன்.

குளச்சல் மெக்கானிக்

மற்றதெல்லாம் வை தம்பி. அந்தக் கீறின ஜெட்டை மட்டும் அந்த டப்பாவில் போடாதே, சுத்தியலால் நசுக்கிவிடு. ஒரு நாள் இருட்டில், அவசரத்தில், உன் தம்பி அதை எடுத்து மாட்டிவிடுவான்.